யோகராணியக்கா பிரித்த மைக்

2016 நவம்பரில், எங்கள் பேச்சில் கார்த்திகையில், ஒரே கிழமைக்குள் மூன்று பேர் நல்ல ரெலிபோனைப் பழுது என்று கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள்.

மேசை என்றால் மேசைதான். பாரிஸ் லாச்சப்பலில் மெற்றோ தலைக்கு மேலே ஓடுகிற இடத்திலிருந்து இரண்டு நிமிட நடையில், ரெலிபோன் கார்ட் விற்று போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கிற ஒரு கடையின் முன்பக்கத்தை எனக்கு விட்டிருந்தார்கள். ஒரு விளக்கு, ஈயம் உருக்கிப் பிடிக்க ஒரு சோல்டர் அயன், சுவரில் மடுமாதா படம். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதும்.

மூன்றாவதாக வந்தவன் றஜீவன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரன்.

"அண்ணை, ஸ்பீக்கர் போட்டுது."

"பாட்டுக் கேக்குதோ?"

"பாட்டெல்லாம் நல்லாக் கேக்குது. செவ்வாய்க்கிழமை யோகராணியக்காவைத்தான் கேக்கேல்லை."

"அக்காவுக்கெண்டு தனி ஸ்பீக்கர் வந்திருக்கு. நாளைக்கு வா, பூட்டிவிடுறன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். மூன்று ரெலிபோனிலும் ஒரு பழுதும் இல்லை.

யோகராணியக்காவை எங்கள் ஆட்களுக்கு இரண்டு விதமாகத் தெரியும். சாறிக் கடையின் பின்னறையில் பிளவுஸ் தைக்கிறவர் என்று பெண்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு இன்ரநெற் வானொலியில் கடிதம் வாசிக்கிறவர் என்று எல்லாருக்கும் தெரியும். காதல் கடிதம் இல்லை. விசா, வரி, வாடகை உதவி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று பிரெஞ்சில் வந்து தபால்பெட்டியில் விழுகிற கடிதங்கள். நேயர்கள் படம் பிடித்து அனுப்புவார்கள். அக்கா பெயரைச் சொல்லாமல் வாசிப்பார். இது என்ன கேட்கிறது, எந்தத் தாளை இணைக்க வேண்டும், எந்தத் திகதிக்கு முன் என்று தமிழில் சொல்லுவார். மூன்று மணி என்பது மத்தியானச் சமையல் முடிந்து இரவுக்கு வெங்காயம் வெட்டுகிற நேரம். பாரிசில் வெங்காயம் வெட்டுகிற தமிழரில் பாதிப்பேர் அவரைக் கேட்டுக்கொண்டுதான் வெட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிவில் எப்போதும் ஒரே வசனம். "முதல்லை பிரியுங்கோ. பிறகு கும்பிடுங்கோ."

அந்த வசனம் சும்மா வந்ததில்லை. அவர் பிரான்சுக்கு வந்த புதிது, 93ஆம் ஆண்டு. அகதி விண்ணப்பம் சம்பந்தமாக நேரில் வரச்சொல்லி ஒரு கடிதம் வந்தது, பழைய முகவரிக்கு. அங்கே இருந்த ஒரு பெண் அதைச் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல செய்தியாக இருக்கவேண்டும் என்று அக்கா அதைப் பிரிக்காமல் சாமிப்படத்தடியில் வைத்தார். வெள்ளிக்கிழமை தலைக்குத் தோய்ந்து, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டுப் பிரித்தார். வரச்சொன்ன நாள் வியாழக்கிழமை.

அதைச் சரிக்கட்ட இரண்டரை வருடம் போனது. அந்த இரண்டரை வருடமும் அலுவலகக் கந்தோர்களில் துப்புரவு வேலை செய்தார். குப்பைக் கூடையில் கிடந்த கடிதங்களையும் விளம்பரத் தாள்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் வந்து இருபத்தைந்து வருடம், இன்றைக்கும் ஒரு கடிதம் வந்தால் இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருப்பேன். அவர் அப்படி இல்லை. மீனைத் திருப்பிப் பார்க்கிற மாதிரித் தாளைத் திருப்பிப் பார்ப்பார். எங்கே முள்ளு என்று தெரிந்துவிடும்.

2015இல் கழுத்தில் கழலை வந்து ஒப்பரேசன் செய்தார்கள். கழலை போய்விட்டது, குரலும் அதோடு பாதி போய்விட்டது. ஒரு வருடத்துக்குள் திரும்பி வருகிறதுதான் உங்களுக்கு என்று டொக்ரர் சொன்னாராம். வந்தது ஒரு மெல்லிய, மூச்சு கலந்த குரல். கஷ்டப்பட்டுச் சத்தம் வைத்தால் நடுவில் அறுந்துவிடும். முந்தி பின்னறையில் இருந்து அவர் ஊசி கேட்டால் வாசலில் நிற்கிற ஆளுக்குக் கேட்கும்.

அப்போதும் நிகழ்ச்சி நின்றுபோகவில்லை. பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் வானொலிக்கென்று ஒரு நிலவறை இருந்தது. அங்கே ஒரு பெரிய மைக். அது மூச்சு விட்டாலும் பிடிக்கும். ஆனால் 2016 புரட்டாதியில் அந்த அறையை விட்டுவிட்டார்கள். மைக் யாருடையதோ, அவர் கொண்டுபோய்விட்டார். இனி எல்லாரும் வீட்டிலிருந்தே பேசுங்கள் என்று வானொலியை நடத்துகிற ஞானசுந்தரம் அண்ணை சொன்னார். அக்கா இன்ரநெற்றில் ஒரு மலிவு மைக் வாங்கி, ஸ்தேன் புறநகரில் தன் வீட்டுக் குசினியில், சமைக்கிற மேசையில் வைத்துக்கொண்டு பேசினார். அதற்குப் பிறகுதான் லாச்சப்பலில் ரெலிபோன்கள் பழுதாகத் தொடங்கின.

றஜீவன் வந்துபோன அடுத்த நாள் அக்காவே வந்தார். கையில் தைத்த பிளவுஸ் போட்டுக் கொடுக்கிற பை. அதற்குள் மைக்.

"மடுத்தீன், இது இரையுது. ஒருக்காப் பாரும்."

"இருபத்திரண்டு யூரோச் சாமான் இரையாமல் தேவாரம் பாடுமோ? எறிஞ்சுபோட்டு நல்லதா ஒண்டு வாங்குங்கோ."

"நல்லதுக்கு ரெண்டு மாசம் தைக்கவேணும். எனக்கு ரெண்டு மாசம் இல்லை."

கடையில் இருந்த கொம்பியூட்டரில் பூட்டிக் கேட்டேன். தாச்சியில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு இரைச்சல். உரத்துப் பேசுகிற ஆளுக்கு அது பெரிதில்லை, குரல் அதை மூடிவிடும். அக்காவின் குரல் எண்ணெய்க்குள் விழுந்த கடுகு மாதிரி உள்ளே போய்விட்டது. குரலைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடியது.

"ஞானசுந்தரம் அண்ணை என்னவாம்?"

"பொங்கலுக்குப் பிறகு புது நிகழ்ச்சி நிரலாம். என்ரை நேரத்தைச் சுபாங்கிக்குக் குடுக்கப்போறாராம். அந்தப் பிள்ளைக்குக் கணீரெண்ட குரல்."

"அது பாட்டுப் போடுற பிள்ளையெல்லே?"

"ஓம். பாட்டுப் போடுவா."

மைக்கின் வயரை விரலில் சுற்றினார். பிறகு சொன்னார்: "இறைச்சிக் கடையிலை விரலைக் காட்டித்தான் வாங்கிறன். பஸ்ஸிலை ஆரும் ஏதும் கேட்டால் தலையை ஆட்டுறன். மகள் போன் எடுத்தால், பிறகு மெசேஜ் போடுறன் எண்டு வைச்சிடுறன். அந்த ஒரு மணித்தியாலந்தான் நான் கதைக்கிறது மடுத்தீன். அதுவும் போனால் எனக்கு வாய் எதுக்கு?"

"எனக்கு ரெலிபோன்தான் தெரியும், மைக் தெரியாது" என்றேன்.

"நீர் ஒண்டும் செய்யவேண்டாம். இடம் தாரும். நான் பிரிக்கிறன்."

அவர் வீடியோ பார்த்திருக்கிறார். யாரோ ஒருவன் இதே மைக்கைப் பிரித்து மாற்றுகிற வீடியோ. "ரஷ்யனோ என்னவோ, அவன் கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுக் கையை மட்டும் பாத்தன். பதினேழு தரம்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தார். அடிவளையத்தைத் திருகினார், உறை கழன்றது. தலைப்பக்கத்துக் கம்பிவலைக்குள்ளே பார்த்தால், குரலைப் பிடிக்கிற வட்டு ஒரு சென்ட் காசளவு.

"வெளியிலை பூசணிக்காய், உள்ளுக்கை சுண்டங்காய்" என்றேன்.

"சில சாறியும் அப்பிடித்தான். பெட்டிதான் பெரிசு" என்றார்.

இரண்டு யூரோக் காசளவு வட்டு ஒன்றை நான் ஓடர் போட்டேன். வட்டு பெரிதானால் மெல்லிய குரலையும் கூடப் பிடிக்கும். கூடப் பிடித்தால் கூட்டத் தேவையில்லை. கூட்டாவிட்டால் இரைச்சலும் கூடாது. இவ்வளவுதான் விசயம். வட்டு வந்துசேரப் பத்து நாள் ஆனது. அதற்குள் அவர் பழைய ரெலிபோன்களின் சுற்றுப் பலகைகளில் ஈயம் வைத்துப் பழகினார். முதல் நாள் கோழி எச்சம் மாதிரி வைத்தார், சொன்னேன். மூன்றாம் நாள் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஒரே ஒரு இடந்தான் கஷ்டம். வட்டில் இருந்து வருகிற கம்பி, மூன்று கால் உள்ள, கடுகளவான ஒரு சாமானின் ஒரு காலோடு சேரவேண்டும். அந்த இடத்தில் ஓடுகிற மின்சாரம் இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவு. ஒரு சொட்டு ஈரம், ஒரு பொட்டு எண்ணெய் பட்டாலே அதன் வழியாகக் கசிந்து கரகரக்கும். அதனால் அந்தக் காலைப் பலகையில் முட்டாமல் தூக்கி, அந்தரத்தில் வைத்து ஈயம் பிடிக்கவேண்டும். என் விரல் அதற்குத் தடிப்பு. அக்கா மணப்பெண் பிளவுசில் மணி கோக்கிறவர். மூச்சைப் பிடித்தார், அயனைத் தொட்டார், எடுத்தார். ஈயப் புகை மேலே வந்தது.

"சாம்பிராணி மணக்குது" என்றார்.

"ஈயத்துக்குள்ளை குங்கிலியம் இருக்கு. அந்த மணம்."

"அப்ப நல்ல சகுனந்தான்."

பூட்டிக் கேட்டோம். மேலே மெற்றோ போனது, காதுக்குள்ளே போனது. அக்கா ஒரு பொத்தானை மேசையில் போட்டார், உரல் விழுந்த மாதிரி இருந்தது. "கதையுங்கோ" என்றேன். "என்னத்தைக் கதைக்க" என்றார். அந்த இரண்டு சொல்லும் பக்கத்தில் இருந்து சொன்ன மாதிரி வந்தது. இரைச்சல் இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சுக்காற்று மைக்கில் அடிக்காமல் முன்னால் பிடிக்க வலைத்துணி எடுத்துவருகிறேன் என்று சாறிக் கடைக்குப் போனார். அரை மணித்தியாலத்தில் எம்பிராய்டரி வளையத்தில் பாவாடை வலையை இறுக்கிக்கொண்டு வந்தார். அந்த அரை மணித்தியாலமும் மைக் என் மேசையில் திறந்தபடி கிடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மார்கழி பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு ரெலிபோனில் வானொலியைப் போட்டுவிட்டு இருந்தேன். அக்கா "வணக்கம்" என்றார். தெளிவாகக் கேட்டது. மூன்றாவது வசனத்தில் ஒரு கர். பிறகு கர கர. பிறகு நிற்கவேயில்லை. பத்தாவது நிமிடம் ஞானசுந்தரம் அண்ணை அவரை வெட்டிவிட்டுப் பாட்டுப் போட்டார்.

அண்ணை கெட்ட மனிதர் இல்லை. பகல் முழுக்க ஒரு கந்தோரில் வேலை செய்துவிட்டுச் சொந்தக் கைக்காசில் வானொலி நடத்துகிறவர். அன்று பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்து, "யோகராணி, உங்கடை வீட்டிலை ஆரும் பக்கத்திலை இருந்து முறுக்குத் தின்னினமோ?" என்று கேட்டாராம். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலை மாற்றினாராம். "நத்தார், வருசப்பிறப்பு நிகழ்ச்சியள் வருது. பொங்கலுக்கு முன்னம், தை பத்தாம் திகதி கடைசியா ஒருக்காப் பாப்பம். அதுக்குப் பிறகு என்னாலை ஏலாது."

அடுத்த நாள் எங்களுக்குள் சண்டை.

"நீர் வாங்கித் தந்த வட்டு கூடாது."

"வட்டு நல்லது. உங்கடை ஈயந்தான் விட்டிருக்கு."

"என்ரை ஈயமோ? தைச்ச கை மடுத்தீன் இது."

"பிளவுஸ் கரகரக்காது அக்கா."

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேல் அவர் என் மேசையைத் தாண்டிப் போகும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனார். நானும் குனிந்துகொண்டேன். நத்தார், அதாவது கிறிஸ்மஸ், முடிந்து இரண்டாம் நாள், பிளவுஸ் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "பிரியும்" என்றார், அவ்வளவுதான்.

பிரித்தேன். பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். அந்தரத்தில் அவர் வைத்த ஈயம் முத்து மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளையாகத் தூள். வலையின் உள்பக்கத்தில் மஞ்சளாகக் காய்ந்த ஒரு பொருக்கு.

"மைக்குக்கு ஆர் விபூதி பூசினது?"

அவர் பையை மடித்தார்.

"அக்கா, இது சந்தனமெல்லே?"

"வெள்ளிக்கிழமை சாமிப்படத்துக்கு முன்னாலை வைச்சனான். புதுச் சாமானெண்டால் வைக்கிறதுதானே. தையல் மெசினுக்கும் வைச்சனான், அது இருபது வருசமா ஓடுது."

"தையல் மெசின் விபூதி தின்னும், இது தின்னாது. முதல்லை பிரியுங்கோ, பிறகு கும்பிடுங்கோ எண்டு ஊர் முழுக்கச் சொல்லுறது ஆர்?"

"பிரிச்சுப்போட்டுத்தானே கும்பிட்டனான்."

அவர் அதோடு விடவும் இல்லை. "நீரும் மேசைக்கு மேலை மடுமாதாவை வைச்சிருக்கிறீர்தானே?"

"அவவைச் சுவரிலை வைச்சிருக்கிறன். ரெலிபோனுக்குள்ளை வைக்கேல்லை."

மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்து, தூளையும் பொருக்கையும் ஒன்றுவிடாமல் எடுத்தேன். எடுக்கும்போதெல்லாம் அவருக்குக் கேட்கும்படி புறுபுறுத்தேன். விபூதி, சந்தனம், அடுத்தது தேங்காய் உடைப்பியள் என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். காயவிட்டுப் பூட்டினேன். காதில் வைத்தேன்.

கர கர.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் பூதக்கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கினார். வட்டைத் திருப்பினார். பின்பக்கம், கம்பி வெளியே வருகிற இடத்தைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்ரிக். அதைக் கனநேரம் பார்த்தார்.

"மடுத்தீன், உம்மடை வலது பெருவிரலைக் காட்டும்."

என் பெருவிரலில் குறுக்காக ஒரு தழும்பு. சின்ன வயதில் மீன் வெட்டும்போது கத்தி பட்டது. பிளாஸ்ரிக்கில் ஒரு விரல் அடையாளம், எண்ணெய் மினுக்கத்தோடு. அதன் நடுவில் குறுக்காக ஒரு கோடு.

இப்போது சொல்கிறேன். அவர் வலைத்துணி எடுக்கப் போன அரை மணித்தியாலத்தில் ரெலிபோன் திருத்த ஒருவர் வந்தார். அந்தரத்தில் வைத்த ஈயத்தை அவருக்குக் காட்டவேண்டும்போல் இருந்தது. இப்படி ஒரு வேலை லாச்சப்பலில் எவன் செய்வான் என்று வட்டைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். மற்றக் கையில் பாதி தின்ற, எண்ணெயில் பொரித்த மட்டன் றோல்ஸ். இந்தக் கையால்தான் முதல் பாதியைத் தின்றது.

"றோல்ஸ்" என்றேன்.

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். ஒப்பரேசனுக்குப் பிறகு அவருடைய சிரிப்புக்குச் சத்தம் இல்லை, தோளும் கண்ணும் மட்டுந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விபூதியாவது சாமிக்கு வைச்சது" என்று ஒருமாதிரி மூச்சு வாங்கிச் சொன்னார். "நீர் ஆட்டையெல்லோ படைச்சிருக்கிறீர்."

போய்ச் சவுக்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டு வந்தேன். துடைக்க விடவில்லை, தானே துடைத்தார். மூன்று தரம் துடைத்துக் காயவிட்டோம். பூட்டிக் காதில் வைத்தபோது மெற்றோ வந்தது, போனது. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

தை பத்தாம் திகதி மூன்று மணிக்கு ரெலிபோனைக் கல்லாப்பெட்டிக்கு மேல் வைத்தேன். கடைக்கார முதலாளியும் கேட்டுக்கொண்டு நின்றார். அக்கா வணக்கம் சொன்னார். மூன்றாவது வசனம் வந்தபோது என் கை மேசை விளிம்பைப் பிடித்தது. கர் வரவில்லை. நாலாவது, ஐந்தாவது. குரல் சின்னக் குரல்தான், முந்தின குரல் இல்லை. ஆனால் தூரத்தில் நின்று சத்தம் வைக்கிற ஆளாக இல்லாமல், எங்களுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து பேசுகிற ஆளாக இருந்தார்.

இரண்டாவது கடிதம் வாசித்தார். பாரிசில் ஸ்டாலின்கிராட் மெற்றோவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தம்பி அனுப்பியது என்றார். "தம்பி, இதைச் சும்மா அறிவித்தல் எண்டு நினைச்சு எழுதியிருக்கிறீர். இது அறிவித்தல் இல்லை, நேரிலை வரச்சொல்லுற ரொந்தேவு. விசா புதுப்பிக்கிறதுக்கு. வாற வெள்ளிக்கிழமை, காலமை ஒன்பதேகாலுக்கு. ரெண்டாம் பக்கத்தைப் பாரும். சம்பளத் துண்டு மூண்டு, வீட்டு வாடகைத் துண்டு, பாஸ்போட் எல்லாப் பக்கமும் கொப்பி. கையிலை இருக்கிற கத்தியைக் கீழை வைச்சுப்போட்டு இதை எழுதும்."

ஐந்து நிமிடம் இருக்காது. கடைக் கதவு திறந்தது. சமையல் ஏப்ரனோடு றஜீவன். கண் இரண்டும் வெங்காயத்தில் சிவந்து கிடந்தது.

"அண்ணை, போட்டோக்கொப்பி மெசின் வேலை செய்யுதோ? பாஸ்போட் எல்லாப் பக்கமும் வேணுமாம்."

"ஆர் சொன்னது?"

"அக்கா சொன்னவ. இப்ப."

"உன்ரை போன் ஸ்பீக்கர் பழுதெண்டாய்?"

"கேட்டுது அண்ணை." மூச்சு வாங்கினான். "புகை இழுக்கிற காத்தாடி ஓடுது, முதலாளி கத்துறார், அதுக்குள்ளையும் கேட்டுது. பின்னாலை நிண்டு சொல்லுறாவாக்கும் எண்டு திரும்பிப் பாத்தனான்."

வெள்ளிக்கிழமை அவன் ஒன்பது மணிக்கே போய் நின்றான் என்று பிறகு சொன்னான். பொங்கலுக்குப் பிறகு வந்த நிகழ்ச்சி நிரலில் செவ்வாய்க்கிழமை மூன்று மணி யோகராணி என்றுதான் இருந்தது. சுபாங்கிக்கு நாலு மணி. ஞானசுந்தரம் அண்ணை அக்காவிடம், "அதென்ன மைக், எத்தினை நூறு?" என்று கேட்டாராம். அக்கா கடை விலையைச் சொல்லவில்லை. பிரித்த கதையைச் சொல்லியிருக்கிறார்.

அவர் இப்போதும் வெள்ளிக்கிழமையில் மைக்குக்குச் சந்தனம் வைக்கிறார். மைக்கில் இல்லை, அது நிற்கிற காலில். இறைச்சிக் கடையில் விரலைக் காட்டுவதை விட்டுவிட்டார். கடைக்காரனுக்குக் கிட்டப் போய் நின்று, மெதுவாகக் கேட்கிறாராம். கிட்டப் போனால் கேட்கும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

மாசி மாதம் ஒரு நாள் மத்தியானம், என் மேசைக்கு மற்றப் பக்கத்தில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். அக்கா பிளவுஸ் பையைத் திறந்தார். உள்ளே இரண்டு மைக், ஒன்று ஞானசுந்தரம் அண்ணையுடையது, மற்றது சுபாங்கியுடையது. நான் ஒன்றை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"முதல்லை போய்க் கையைக் கழுவிக்கொண்டு வாரும்."